விசிலை ஒளித்து வைத்த அம்மா

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாகச் சனி, ஞாயிறுகளில் ரெஃப்ரியாக ஃபுட்பால் மேட்ச் ஊதுகிறேன். கோடையில் ஒரு ஊரில் ஃபைனல். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளூர் டீம் போட்ட கோலை ஆஃப்சைடு என்று ரத்து செய்தேன். "டிஃபென்டர் முழங்காலில் பட்டுத்தானே பந்து போச்சு, அப்புறம் என்ன ஆஃப்சைடு?" என்று கூட்டம் உள்ளே வந்துவிட்டது. சட்டையைப் பிடித்தார்கள். கமிட்டிக்காரர்கள் என்னைப் பள்ளிக்கூட அறையில் வைத்துப் பூட்டி, ஒரு மணி நேரம் கழித்து அனுப்பினார்கள். வெளியே வந்தால் பைக்கின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். அம்மா விசிலை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். பொண்ணு பார்க்கிற இடத்தில் "ஞாயித்துக்கிழமை அடி வாங்கப் போற மாப்பிள்ளையா?" என்று கேட்டார்களாம். விட்டுவிடவா? விடவும் மனசு வரவில்லை.

பதில்:

தம்பி,

முதலில் அந்த ஆஃப்சைடை முடித்துவிடுவோம். இல்லாவிட்டால் மீதி நான் சொல்வது எதுவும் உங்கள் காதில் ஏறாது. நடுராத்திரி விழிப்பு வந்தால் அந்த முழங்கால்தான் கண்ணுக்குள் நிற்கும், எனக்குத் தெரியும். ஆட்ட விதிகள் மொத்தம் 17. ஆஃப்சைடு 11-வது; பாஸ் வருமுன்பே எதிரணி டிஃபென்டர்களைத் தாண்டி கோல் பக்கம் போய் நின்று ஆடக் கூடாது என்பது. டிஃபென்டர் பந்து வருவதைப் பார்த்து, காலை எடுத்து வைத்து, வேண்டுமென்றே உதைத்து அது பிசகிப் போனால் ஆஃப்சைடு அங்கேயே செத்துப்போகும். சும்மா நின்றவன் முழங்காலில் பட்டுத் தெறித்தால் சாகாது. பாஸ் கொடுத்த நேரத்தில் அந்தப் பையன் எங்கே நின்றான் என்பதுதான் கணக்கு. நான் அங்கே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியபடியே நடந்திருந்தால் நீங்கள் ஊதியது சரி. "டிஃபென்டர் தொட்டாலே ஆஃப்சைடு கிடையாது" என்பது ஊருக்கு ஊர் இருக்கிற நம்பிக்கை. அதை ஃபைனலின் 85-வது நிமிடத்தில் பாடம் எடுத்துத் திருத்த முடியாது.

இனி தூங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கோட்டோரம் கொடி பிடிக்க, லைனில் யார் நின்றது? நானே சொல்லிவிடுகிறேன். கமிட்டிப் பையன்கள் இரண்டு பேர், கொடிக்குப் பதில் ஆளுக்கொரு துண்டு. கோல் விழுந்ததும் உள்ளூர்ப் பையன் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றியிருப்பான். சரிதானே? அப்படியானால் அத்தனை பேருக்கு நடுவில் அந்த ஆஃப்சைடைப் பார்த்த ஒரே ஆள் நீங்கள். ஊர் கோபப்பட்டது முடிவுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒண்டி ஆளாக நின்றீர்கள், அதனால் சட்டையைப் பிடிக்கத் துணிந்தார்கள்.

நான் 21 வருடம் ஊதியவன். என்னோடு பரீட்சை எழுதி பேட்ஜ் வாங்கியவர்கள் 11 பேர், கடைசி வரை நின்றது மூன்று பேர். போன எட்டுப் பேரில் இருவர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். ஒருவருக்கு முட்டி போய்விட்டது. இருவர் மேட்ச் கிடைக்காமல் வெறுத்துப் போனார்கள். நல்ல மேட்செல்லாம் வேண்டியவர்களுக்கே போகும் வழக்கம் அப்போதும் இருந்தது. மீதி மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவரைப் பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்துக் கேட்டேன். "அடிச்சப்பகூட நான் விடல சார். அன்னைக்கு ராத்திரி யாராவது கூப்பிட்டு 'வீடு போய்ச் சேந்தியா'ன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாத்தேன்" என்றார். அப்புறம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரிய ஆட்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க் பெயர் போன ரெஃப்ரி. 2004 செப்டம்பரில் ரோமில் ஒரு மேட்ச்சில், இடைவேளைக்கு உள்ளே போகும்போது கூட்டத்திலிருந்து எதையோ எறிந்தார்கள். நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். மேட்ச் அத்தோடு நின்றது. ஃப்ரிஸ்க் விடவில்லை, திரும்பி வந்து ஊதினார். அடுத்த பிப்ரவரியில் பார்சிலோனா - செல்ஸீ மேட்ச்சில் ஒரு சிவப்பு அட்டை காட்டினார். அதற்குப் பிறகு கொலை மிரட்டல்கள் வந்தன. குடும்பத்தின் நிம்மதி போனது. மார்ச் மாதம் விசிலைக் கீழே வைத்துவிட்டார். மைதானத்தில் சிந்திய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவர், பயம் வாசற்படி ஏறியதும் போய்விட்டார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொருவர் துருக்கியின் ஹலீல் உமுட் மெலர். 2023 டிசம்பரில் மேட்ச் முடிந்ததும் ஒரு கிளப்பின் தலைவரே உள்ளே ஓடிவந்து முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை மற்றவர்கள் உதைத்தார்கள். அன்றிரவே அந்த நாட்டு ஃபுட்பால் சம்மேளனம் எல்லா லீக் ஆட்டங்களையும் நிறுத்தியது. குத்தியவர் கைதானார். மெலர் விடவில்லை. அடுத்த வருடம் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோ 2024-ல் ஊதினார். மெலருக்குத் தைரியம் கூடுதல், ஃப்ரிஸ்குக்குக் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை. மெலருக்காக ஒரு தேசத்தின் ஆட்டமே நின்றது. அது சின்ன விஷயமில்லை.

நம் பக்கம் வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் தூக்குகிற லஸ்கரைப் பாருங்கள். தலைமடைக்காரனுக்கும் அவர் கெட்டவர், கடைமடைக்காரனுக்கும் கெட்டவர். ஆனால் கைகலப்பு என்றால் ஒரு ஜீப் வரும், அதிகாரி இறங்குவார். உங்களுக்கு யார் வந்தார்? பூட்டிய அறையில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்காவது போன் செய்தீர்களா? மாவட்ட சங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். அவமானமாக இருந்திருக்கும்.

எனக்கும் இருந்தது. ஊர் பெயர் வேண்டாம், கடற்கரைப் பக்கம் ஒரு மேட்ச். அங்கே தப்பு என்னுடையது. கண்ணெதிரே நடந்த ஹேண்ட்பாலைக் கோட்டை விட்டேன், அதிலிருந்துதான் கோல் விழுந்தது. கடைசி பஸ்ஸில் சகதிக் காலோடு வந்தேன். மறுநாள், எங்களுக்கு மேட்ச் ஒதுக்குகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கேட்டது இது ஒன்றுதான்: "கமிட்டி பேட்டா குடுத்துட்டாங்களா?" போனை வைத்தேன். 14 மாதம் விசிலைத் தொடவில்லை.

திரும்பி வந்தது விளையாட்டு ஆசையால் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை வேறு. எனக்கு கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் பரோட்டாக் கடைதான் இல்லாமல் போயிருந்தது. மேட்ச் முடிந்தால் ரெஃப்ரியும் இரண்டு லைன்ஸ்மேன்களும் அங்கேதான் உட்காருவோம். தண்ணீர் டம்ளர் கோல்கீப்பர். உப்புக் கிண்ணம் கடைசி டிஃபென்டர். வெங்காயத் துண்டு ஃபார்வர்டு. சால்னா வாளி வரும்போதெல்லாம் டிஃபென்டரை நகர்த்திவிட்டு மறுபடி அதே இடத்தில் வைப்போம். "நீ அப்ப எங்க நின்ன? இங்கயா? அங்கேர்ந்து உனக்கு எப்படித் தெரியும்?" என்று என் சீனியர் ஒருவர் வெங்காயத்தை ஒரு விரற்கடை தள்ளி வைத்துக் காட்டுவார். திட்டு பலமாக இருக்கும். ஆனால் அது என் வேலையை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் திட்டுகிற திட்டு. கூட்டம் கத்தியதெல்லாம் அந்த மேஜையில் கரைந்துபோகும். 14 மாதம் கழித்து அவர் வீட்டுக்கு வந்து, "ஸ்கூல் பசங்க மேட்ச், லைனுக்கு ஆள் இல்ல, வா" என்றார். போனேன். மேட்ச்சைவிட அதற்குப் பிந்தைய பரோட்டாவுக்காகத்தான் போனேன்.

காசைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாவட்ட அளவில் இது சோறு போடாது. 2002 உலகக் கோப்பை ஃபைனலை ஊதிய இத்தாலியின் கொலினா நிதி ஆலோசகர். 2010 ஃபைனலை ஊதிய ஹோவர்ட் வெப் போலீஸ் சார்ஜெண்டாக இருந்தவர். அதனால் உரக்கடையை விடாதீர்கள். மேலே போக ஆசையிருந்தால் வழி அடைத்துக் கிடக்கவில்லை. அந்த 2002 உலகக் கோப்பையிலேயே நம் நாட்டு கோமளீஸ்வரன் சங்கர் துணை நடுவராகக் கொடி பிடித்தார். திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா பேட்ஜ் வாங்கியவர். ஆனால் ஓட வேண்டும். ஃபிஃபாவின் ஆண்கள் தேர்வில் 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடந்து, இப்படியே 40 முறை. சித்திரை வெயிலில் ஒரு நாள் ஓடிப் பாருங்கள், அப்புறம் ஆசையைப் பேசலாம்.

விடலாமா என்றால், இப்போது முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மைதானமெல்லாம் குளம். யாரும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. பொங்கல் டோர்னமென்ட் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் அந்த ரிப்போர்ட்டை எழுதிவிடுங்கள். தேதி, நிமிடம், யார் உள்ளே வந்தது, யார் பூட்டியது, டயர் உட்பட. தாமதம்தான், பரவாயில்லை. அதற்குச் சங்கம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு போன்கூட வராவிட்டால், தம்பி, தாராளமாக விட்டுவிடுங்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

போன் வந்தால், இனிமேல் சில விஷயத்தில் கறாராக இருங்கள். பரீட்சை எழுதிய இரண்டு லைன்ஸ்மேன் இல்லாமல் எந்த ஊர் ஃபைனலையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "பேட்டா மூணு பேருக்கு ஆகுமே" என்று கமிட்டி இழுக்கும். இழுக்கட்டும். மூன்று பேரும் சேர்ந்தே போங்கள், சேர்ந்தே திரும்புங்கள். பைக்கை மைதானத்தில் நிறுத்தாமல் தெரிந்தவர் வீட்டிலோ மெயின் ரோட்டிலோ நிறுத்துங்கள். டாஸ் போடும்போதே இரண்டு கேப்டனிடமும், "பேசறதா இருந்தா நீங்க ரெண்டு பேர் மட்டும்தான் என்கிட்ட வரணும்" என்று சொல்லிவிடுங்கள். யூரோ 2024-ல் அதைத்தான் செய்தார்கள், நம் ஊரிலும் பாதிச் சத்தம் குறையும். கூட்டம் உள்ளே வந்தால் வாதாடாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தவும் கைவிடவும் 5-வது விதி உங்களுக்கு அதிகாரம் தருகிறது. நிறுத்திவிட்டு உங்கள் லைன்ஸ்மேன்களோடு நடுவட்டத்தில் நில்லுங்கள். கூட்டம் நிற்கிற கோட்டுப் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, அப்படிப்பட்ட ஊர்களில் உங்களை "அம்பயர் சார்" என்று கூப்பிடுவார்கள். திருத்தாதீர்கள், அதற்கு ஒரு தனிச் சண்டை வேண்டாம்.

பொண்ணு வீட்டார் கேட்டது நியாயமான கேள்வி. சிரித்து மழுப்பாதீர்கள். அந்தப் பெண்ணிடமே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், டயர் கதையையும். அதைக் கேட்டுச் சிரிக்கிற பெண்ணாக இருந்தால் பிழைத்துக்கொள்வீர்கள்.

அம்மாதான் கொஞ்சம் கஷ்டம். "இனிமே ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லாதீர்கள், அது பொய் என்று அவருக்குத் தெரியும். மார்கழியில் ஏதாவது பள்ளிக்கூட மேட்ச்சுக்கு லைன் பிடிக்கப் போங்கள். லைனுக்கு விசில் தேவையில்லை, கொடி போதும். கூட வருகிற இரண்டு பேரையும் முதல் நாளே வீட்டுக்கு அழைத்து வந்து காபி கொடுக்கச் சொல்லுங்கள். யாரோடு போகிறீர்கள், யார் கொண்டுவந்து விடுவார்கள் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். அரிசிப் பானைக்குள்ளோ பீரோ மேலேயோ விசில் எங்கே இருந்தாலும் தேடாதீர்கள். கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு ஃபாக்ஸ் 40 விசில் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். பொங்கல் மேட்ச்சுக்கு அவரே எடுத்துக் கொடுத்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எந்த நிறமாக இருந்தாலும் சரி.