ஃபேன்டசி கேம்கள் தொடராகும்போது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஃபேன்டசி கேம்களைத் தொடராக எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமிலிருந்து வந்த அனிமேஷன் தொடரான ஆர்கேன் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரபு: அண்ணா, நல்ல கதை இருக்கிற கேமைத்தானே தொடராக எடுக்கணும்? லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் கதை என்று பெரிதாக ஒன்றுமே இல்லையே, ஆர்கேன் எப்படி ஜெயித்தது?

கதை இல்லாததுதான் அவர்களுக்கு வசதியாகப் போனது தம்பி. 2009இல் வந்த கேம் அது. அணிக்கு ஐந்து பேர், எதிரியின் தளத்தை உடைத்தால் வெற்றி, அவ்வளவுதான். ஹீரோக்களை மேலிருந்து சுண்டுவிரல் உயரத்தில்தான் பார்க்கிறோம். 2012இல் வை என்ற ஹீரோ வந்தாள், 2013இல் ஜிங்க்ஸ் வந்தாள். இருவரும் அக்கா தங்கையா என்று ரசிகர்கள் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். கேமைச் செய்த ரயட் நிறுவனமோ பட்டும் படாமலும் குறிப்பு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆக, பெயர், முகம், ஆயுதம், நாலைந்து வசனம், மேலே பணக்கார பில்ட்ஓவர் நகரம், கீழே புகை மண்டிய ஜான் நகரம் எல்லாம் தயாராக இருந்தன. ஏன் இந்தப் பகை என்பது மட்டும் காலியாக இருந்தது. 2021 நவம்பரில் வந்த தொடர் அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஐம்பது மணி நேரக் கதையுள்ள கேமை எடுத்தால் சிக்கல் வேறு. அந்தக் கதையை ஆடியவர் ஏற்கெனவே தன் கையாலேயே வாழ்ந்து முடித்திருப்பார். அதையே மறுபடி காட்டினால் 'தெரிந்ததுதானே' என்பார், மாற்றினால் 'கெடுத்துவிட்டார்கள்' என்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்கேனை வரைந்த பாரிஸின் ஃபோர்டிச் ஸ்டூடியோதான் 2013இல் ஜிங்க்ஸுக்கு அறிமுகப் பாட்டு வீடியோவும் செய்தது. அந்தப் பெண்ணை அவர்களுக்கு எட்டு வருஷமாகத் தெரியும். அவசரத்துக்கு ஏதோ ஒரு ஸ்டூடியோவைப் பிடித்துச் செய்கிற தொடரில் இது வராது.

நித்யா: ஆர்கேன் லாபமா நஷ்டமா?

இரண்டு சீசன், 18 எபிசோட், விளம்பரமும் சேர்த்து சுமார் 25 கோடி டாலர் என்று வெரைட்டி என்ற சினிமா பத்திரிகை எழுதியது. தொடரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணைக் கட்டும். ஆனால் செலவு செய்தது கேம் நிறுவனம். தொடரைப் பார்த்துவிட்டு வந்து கேமில் ஜிங்க்ஸுக்குப் புது ஸ்கின் (தோற்றம்) வாங்குகிறவரையும் அவர்கள் எண்ணத்தானே செய்வார்கள். கேம் இல்லாத ஒரு தயாரிப்பாளர் இந்தத் துணிச்சலைக் காட்ட முடியாது.

சலீம்: விட்சர் தொடர் கேமை விட்டு ரொம்ப விலகிவிட்டது என்று எல்லோரும் திட்டுகிறார்களே?

அது கேமிலிருந்து எடுத்ததே இல்லை சலீம். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் புத்தகங்கள்தான் மூலம். சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்த மூன்று கேம்களும் (2007, 2011, 2015) நாவல்கள் முடிந்த பிறகு நடக்கும் கதை. தொடர் புத்தகத்தை விட்டும் விலகியது என்பது வேறு வழக்கு. அந்தத் திட்டில் நியாயம் இருக்கிறது, என் ஓட்டும் அதற்குத்தான்.

ஆனால் மூன்றாவது கேம் உலகம் முழுக்க விற்காமல் இருந்திருந்தால் நெட்ஃபிளிக்ஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். சப்கோவ்ஸ்கி கேம் உரிமையை மொத்தமாக ஒரு தொகைக்கு விற்றவர். 2018இல் கூடுதலாக 6 கோடி ஸ்லோட்டி (போலந்து பணம்) கேட்டார். 2019 டிசம்பரில் புது ஒப்பந்தம் ஆனது. தொடர் வெளியானதும் அதே மாதம்தான்!

யாழினி: டிராகன் ஏஜ் மாதிரி ஹீரோவை நாமே உருவாக்குகிற கேமை எப்படி எடுப்பது? என் வார்டன் (முதல் கேமில் ஹீரோவுக்கு அதுதான் பெயர்) பெண், தம்பியின் வார்டன் குள்ளன்.

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. தொடர் ஒரு வார்டனைக் காட்டிய நிமிஷமே மற்ற எல்லோருடைய வார்டனும் பொய்யாகிவிடும். அதனால் 2022இல் வந்த டிராகன் ஏஜ்: அப்சொல்யூஷன் அந்தப் பக்கமே போகவில்லை. டெவின்டர் பேரரசில் மிரியம் என்ற எல்ஃப் திருடி, ஒரு கொள்ளைத் திட்டம், புது ஆட்கள். தப்பித்தார்கள், ஆனால் ஆறே எபிசோடில் யாரோடும் ஒட்ட நேரமில்லை. ஃபால்அவுட் கேமிலிருந்து வந்த தொடர் ஃபேன்டசி இல்லைதான், ஆனாலும் இதே வழியை அது இன்னும் தைரியமாகப் பிடித்தது: அதுவரை வந்த கேம்களுக்கெல்லாம் பிறகு, 2296இல் கதையை வைத்தது. கேமில் நீங்கள் எந்த முடிவை எடுத்திருந்தாலும் அது பழைய வரலாறு ஆகிவிடுகிறது. யாழினியின் வார்டனும் தம்பியின் வார்டனும் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் வருஷத்தைத் தள்ளி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த உபாயம்.

டேவிட்: காசில்வேனியா முதல் சீசன் ஏன் நாலே எபிசோட்?

அது முதலில் சினிமாவாக யோசித்த கதை. அதை வெட்டித்தான் 2017இல் நாலு எபிசோட் ஆக்கினார்கள். அதனால்தான் ஆட்கள் ஒன்று சேரும்போதே சீசன் முடிந்துவிடுகிறது. மூலம் 1989இல் வந்த மூன்றாவது கேம். சாட்டையோடு ஒருவன், சூனியக்காரி, டிராகுலாவின் மகன் என்று அதில் ஆட்கள் உண்டு, பேச்சு குறைவு. தன் மனைவியை மனிதர்கள் கொன்றதால்தான் டிராகுலா அவர்கள் மேல் பாய்கிறான் என்ற துக்கத்தை 1997இல் வந்த சிம்பொனி ஆஃப் தி நைட் கேமின் பக்கமிருந்து எடுத்துக்கொண்டார்கள். முதுகெலும்பு அதுதான். பிசாசுகளை வெட்டுவதெல்லாம் அப்புறம்.

மாலதி: பத்து வயது மகனோடு காசில்வேனியாவைப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம் அக்கா. முதல் எபிசோடிலேயே ரத்தம். போகிமான் போடுங்கள்.

கோகுல்: ஏன் எல்லாமே அனிமேஷன்?

மந்திரம், டிராகன், ஆளுயரக் கோடாலி எல்லாம் வரைந்தால் ஒரே உலகமாகத் தெரியும். நிஜ நடிகர் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு நொடிக்கும் பணம் கொட்டணும், கொட்டினாலும் வேஷம் மாதிரி தெரியும் ஆபத்து உண்டு. 2016இல் வந்த வார்கிராஃப்ட் சினிமா உலகம் முழுக்க 43 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஏறக்குறைய பாதி சீனாவிலிருந்து. இரண்டாம் பாகம் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், வார்கிராஃப்ட் 3 கேமில் ரசிகர்கள் பொழுதுபோக்காகச் செய்த ஒரு மேப் (ஆடுகளம்)தான் டோட்டா. அந்த வழியில் வந்ததுதான் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ். டோட்டாவிலிருந்து டிராகன்ஸ் பிளட் தொடர் மூன்று பாகமும், லீக்கிலிருந்து ஆர்கேன் இரண்டு சீசனும் வந்துவிட்டன. தாத்தா வார்கிராஃப்ட் வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை.

அஸ்வின்: கதையை மாற்றினாலே கோபம் வருகிறதே சார், மாற்றாமல் எடுக்கவே முடியாதா?

1989இல் வந்த செல்டா கார்ட்டூனைத் தேடிப் பாருங்கள். கேமின் ஹீரோ லிங்க் பேசவே மாட்டான், அந்த இடத்தில் இருப்பது ஆடுகிற நாம்தான். டிவியில் ஊமை ஹீரோவை வைத்து ஓட்ட முடியாது என்று பேச வைத்தார்கள். அவன் இளவரசியிடம் சலித்துக்கொண்டு முத்தம் கேட்டுச் சுற்றுகிற பையனாகிவிட்டான். 13 எபிசோடோடு சரி.

மாற்றம் நன்றாக அமைந்தால் கேமே பின்னால் வரும். முதல் போகிமான் கேம்களில் பிகாச்சு காட்டில் பிடிக்கிற சாதாரண எலி. 1997இல் தொடர் அதைக் கதாநாயகனின் தோழனாக்கியது. அடுத்த வருஷமே பிகாச்சு நம் பின்னாலேயே நடக்கும் மஞ்சள் பதிப்பு கேம் வந்தது. லீக்கிலும் விக்டர் என்ற ஹீரோவின் தோற்றத்தை 2025இல் ஆர்கேனுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். பழைய விக்டரின் ரசிகர்கள் இன்னும் ஆறவில்லை, அது அவர்கள் உரிமை.

ஹரிணி: உங்கள் கையில் பணம் கொடுத்தால் எந்த கேமை எடுப்பீர்கள்?

ஹேடீஸ். 2020இல் வந்தது. பாதாள அரசனின் மகன் சாக்ரியஸ் வீட்டை விட்டுத் தப்பிக்கப் பார்ப்பான், வழியில் செத்து மறுபடி அப்பா வீட்டிலேயே வந்து விழுவான். ஒவ்வொரு தடவையும் அங்கே இருப்பவர்களோடு பேச்சு கொஞ்சம் முன்னே நகர்ந்திருக்கும். ஒரு ஓட்டம், ஒரு சாவு, வீட்டில் ஒரு சண்டை. எபிசோடை கேமே பிரித்துக் கொடுத்துவிட்டது. இருபது நிமிஷத்துக்கு மேல் ஒன்றையும் இழுக்க மாட்டேன், அப்பா வேஷத்துக்கு மட்டும் நல்ல குரலாகத் தேடணும்.