வீட்டுக் கிறிஸ்துமஸ்: டீச்சரிடம் சில கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் 32 வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள் நான். நவம்பர் கடைசி வந்துவிட்டால் இளம் தாய்மார் தேடி வந்து கேட்பார்கள். ஸ்டார் தொங்குகிறது, கேக் சொல்லியாயிற்று, துணி தைக்கக் கொடுத்தாயிற்று, ஆனால் வீட்டுக்குள் இயேசுவைப் பற்றிய பேச்சு இல்லையே டீச்சர் என்பார்கள். இந்த வருடம் வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு தாய்: மூத்தவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 5. இரண்டு பேருக்கும் கிறிஸ்துமஸ் என்றால் புதுத்துணிதான். எங்கே தொடங்குவது டீச்சர்?

குடும்ப ஜெபத்தில் தொடங்குங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 அன்று முதல் அதிகாரம், 2 அன்று இரண்டாவது என்று போனால் 24ஆம் தேதி இரவோடு முடிந்துவிடும். முதல் அதிகாரமே 80 வசனம் என்பதால் சின்னவள் உட்கார மாட்டாள். அவளுக்காக ஒவ்வொரு அதிகாரத்திலும் ஒரு கதையை மட்டும் எடுங்கள். 10இல் நல்ல சமாரியன், 15இல் காணாமற்போன குமாரன், 19இல் மரத்தில் ஏறிய சகேயு. இந்த மூன்றுமே லூக்காவில் மட்டும்தான் இருக்கின்றன.

பெரியவன் வாசிக்கட்டும். வாசிக்கும்போது 'முன்னணை' என்ற சொல்லில் நிற்பான். மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டி என்று சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் மாடு வளர்க்கிற வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அப்படிக் கூட்டிப் போனேன். ஈரப் புண்ணாக்கு வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சிறுமி, "இதிலயா டீச்சர் இயேசப்பாவைப் படுக்க வச்சாங்க?" என்று கேட்டாள். நான் அதுவரை நடத்திய எந்தப் பாடமும் அவளுக்குள் அந்த அளவு இறங்கியதில்லை.

24ஆம் தேதி வருவது உயிர்த்தெழுதல் அதிகாரம். பிறப்புக்கு முந்தின இரவில் அதை வாசிப்பது முதல் வருடம் விநோதமாகத் தோன்றும். விட்டுவிடாதீர்கள், எதற்காகப் பிறந்தார் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: வாராவாரம் மெழுகுதிரி ஏற்றுகிற அட்வெந்து வளையம் நம் வீடுகளுக்குப் பொருந்துமா?

பொருந்தும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தியவர் யோகான் ஹின்ரிச் விக்கெர்ன். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் நச்சரிக்க, 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் நாளைக்கு ஒன்றாகச் சின்னச் சிவப்பு மெழுகுதிரியும் ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரியும் வைத்து ஏற்றினார் என்பார்கள். காத்திருக்கிற பிள்ளைகளுக்காக வந்த வழக்கம் இது.

நமக்கு நான்கு மெழுகுதிரி போதும். நான்கு தேங்காய்ச் சிரட்டையில் மணல் நிரப்பி நட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள்தான் அட்வெந்து. முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள். கூடவே டிவியையும் விளக்கையும் அணைத்துவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் பிள்ளைகள் அசையாமல் உட்காருவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சகோதரி: குடில் வைப்பது என் வீட்டுக்காரர் வேலையாகிவிட்டது. பிள்ளைகள் எட்டி நின்று பார்க்கிறார்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை என்றாலும் உங்கள் குடில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் பக்கத்தில் நிறுத்தி, மக்களைக் கூப்பிட்டார். கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்.

டிசம்பர் 14, 15 வாக்கில் அகலத் தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு தூவி, பிள்ளைகளைத் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். குடிலுக்குப் புல் அவர்கள் கையாலேயே வளர்ந்துவிடும். தொட்டியைக் காலியாக வையுங்கள். தினமும் இரவில், அன்று யாருக்காவது செய்த ஓர் உதவியை நினைத்து ஆளுக்கு ஒரு வைக்கோல் போடட்டும். யார் அதிகம் போட்டார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள், அது போட்டியாகிவிடும். 24 இரவு பூசை முடிந்து வந்து, வீட்டின் கடைக்குட்டி பாலனைக் கிடத்தட்டும்.

அப்புறம், பாலனைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள். அவர்களை முதல் நாளே குடிலில் நிறுத்த வேண்டாம். பிள்ளை இருந்த வீட்டுக்குள் அவர்கள் வந்ததாகத்தான் மத்தேயு 2:11 சொல்கிறது. அடுக்களை ஜன்னலில் தொடங்கி நாளுக்கு ஓர் அடி நகர்த்தினால் ஜனவரி 6, அவர்கள் பாலனைக் கண்டதை நினைக்கிற திருக்காட்சிப் பெருவிழாவுக்கு வந்து சேர்வார்கள். ஸ்டாரையும் அதுவரை கழற்றாதீர்கள்.

மதுரையிலிருந்து: கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். 4ஆம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் நிக்கொலாஸ் என்ற ஆயர் இருந்தார். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பன் வீட்டுக்குள் இரவில் யாருக்கும் தெரியாமல் பொன் போட்டார் என்பது அவரைப் பற்றிய பழங்கதை. அவர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று, பிள்ளைகள் யாருக்காவது பெயர் சொல்லாமல் ஒரு பொருள் வைத்துவிட்டு வரட்டும்.

திருச்சியிலிருந்து: டிசம்பர் 25 வேதத்தில் இல்லை, கொண்டாடுவதே தவறு என்கிறார் என் தம்பி.

வேதத்தில் தேதி இல்லை என்பது சரிதான். ரோமாபுரியில் 336இல் அந்த நாளில் பிறப்பை நினைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. அர்மேனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. சபை ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மகிழ்கிறது, அவ்வளவுதான். தம்பியோடு வாதாட வேண்டாம். 24 இரவு, பிறப்பைச் சொல்கிற லூக்கா 2 வாசிக்க அவரைக் கூப்பிடுங்கள். அந்த அதிகாரம் அவருக்கும் பிடித்ததுதானே.

நாகர்கோவிலிலிருந்து: முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் என்று 24ஆம் தேதி முழுதும் அடுப்படியிலேயே போய்விடுகிறது.

எனக்கும் அப்படி ஒரு வருடம் போனது. இரவு ஒரு மணிவரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுவிட்டு, நான்கு மணி ஆராதனையில் பிரசங்கம் முழுதும் தூங்கினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு 22ஆம் தேதியோடு பலகாரத்தை முடித்துவிடுகிறேன். இவை எல்லாம் சில நாள் தாங்குகிற பண்டங்கள்தானே. 23 அன்று, தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குக் கொடுத்துவிடுகிற வீடுகளுக்குப் பிள்ளைகள் கையில் தட்டுகளைக் கொடுத்தனுப்புங்கள். 24 மாலை அடுப்பு அணைந்திருக்கட்டும்.

நாசரேத்திலிருந்து ஒரு மருமகள்: ஆகஸ்டில் மாமனார் தவறிவிட்டார். துக்க வீட்டில் ஸ்டார் போடக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது என்கிறார்கள். பிள்ளைகள் ஏங்கிப் போயிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுத் துக்கத்தைக் கர்த்தர் ஆற்றட்டும் மகளே. ஸ்டார் போடக்கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை, அது நம் ஊர் வழக்கம். ஆனால் வேதத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டு நாளைக்கே ஏணியைத் தூக்கிவிடாதீர்கள். முதலில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் மனதைக் கேளுங்கள். இழந்தவர் அவர்கள்தான்.

அவர்களுக்கு அன்னாளை வாசித்துக் காட்டுங்கள். லூக்கா 2இல் வருகிற அந்த விதவை புருஷனோடு வாழ்ந்தது ஏழே வருடம். எண்பத்துநாலு வயதில் ஆலயத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டு எல்லோரிடமும் சொன்னவள் அவள். மத்தேயு 2இல், பிள்ளைகளை இழந்து அழுகிற ராகேலின் குரலும் கேட்கிறது. அழுகிறவர்களுக்கு இந்தப் பிறப்பின் கதையில் ஏற்கெனவே இடம் இருக்கிறது.

எங்கள் அப்பா போன வருடம் அம்மா ஸ்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. 24 இரவு அப்பாவுடைய வேதாகமத்தை எடுத்து, அவர் கோடு போட்டு வைத்திருந்த வசனங்களை ஆளுக்கு ஒன்றாக வாசித்தோம். அவருக்குப் பிடித்த பாமாலை ஒன்றைப் பாடினோம். பாதியில் குரல் வரவில்லை, அம்மாதான் பாடி முடித்தார்கள். விடியற்காலை கோயிலுக்குப் புறப்படும்போது, "அந்த ஸ்டாரைப் போடுங்க பிள்ளைகளா, அப்பாவுக்குப் பிடிக்கும்" என்றார்கள். உங்கள் மாமியார் அப்படிச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இரண்டுமே சரிதான். சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்தால் மனதார வாங்கிக்கொள்ளுங்கள்.

திசையன்விளையிலிருந்து: வீட்டுக்காரர் துபாயில். 25ஆம் தேதியும் வேலை நாள். அவர் இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ்?

நமக்கு இரவு எட்டரை என்றால் அவருக்கு ஏழு மணி. டிசம்பர் 1 முதல் தினமும் அந்த நேரத்தில், முதலில் சொன்ன லூக்கா வாசிப்போடு வீடியோ காலில் குடும்ப ஜெபம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, பணம், பள்ளிக்கூடம் பற்றிய பேச்சையெல்லாம் ஜெபத்துக்குப் பிறகு பேசலாம். தகப்பனார் வாசிக்கிற குரல் பிள்ளைகளின் காதில் விழ வேண்டும். மற்ற நாட்களில் பிள்ளைகள் வாசித்தாலும் 24ஆம் தேதி அதிகாரத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் கூட நடந்து வந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று, அப்பத்தைப் பிட்டபோது சீஷர்கள் அடையாளம் கண்ட இடம் அதில்தான் வருகிறது.