தேச உணர்வை உருவாக்கியதில் தஞ்சைப் பக்கத்து எழுத்தாளர்களுக்கு என்ன பங்கு?

கட்டுரைப் போட்டிக்குக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் தேசபக்திப் பாட்டில் ஆரம்பிக்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப் கோர்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேதநாயகம் பிள்ளை பிறந்தது 1826இல், திருச்சிப் பக்கம் குளத்தூரில். மாயவரத்தில் பிறந்தார் என்று எழுதி மார்க்கை விடாதீர்கள், அது அவர் முன்சீபாக இருந்த ஊர். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை முதல் தமிழ் நாவல் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே அவர் போடும் சண்டையை யாரும் சொல்வதில்லை. நீதிபதிக்கும் தமிழ் தெரியும், கட்சிக்காரனுக்கும் தமிழ்தான், வக்கீல் மட்டும் ஏன் இங்கிலீஷில் வாதாட வேண்டும் என்கிறார். தன் வழக்கே புரியாமல் நிற்பவன் பிரஜையாக இருக்கலாம், குடிமகனாக முடியாது. கம்பெனி காலத்து மேல்முறையீட்டு மன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து நூலாகவே போட்டவர் அவர்.

அடுத்து திருவையாற்றுக்காரர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1885 பம்பாய் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் என்பார்கள், சரிதான். அதைவிடப் பெரிய காரியம் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன். 1898இல் 'இந்து'வை விட்டு இதிலேயே முழுக்க இறங்கி, மறுவருஷம் நாளிதழாக்கினார். 1904இல் பாரதி அங்கே உதவியாசிரியர், இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவதுதான் முக்கிய வேலை. அரசியலைத் தமிழில் பேசும் பழக்கம் கவிதையில் வந்ததைவிட இந்த மாதிரி தினக்கூலி எழுத்தில் வந்ததுதான் அதிகம் என்பது என் கட்சி.

வேதாரண்ய யாத்திரைக்கு (1930 ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பி 28இல் சேர்ந்தது) நாமக்கல் கவிஞர் எழுதிய 'கத்தியின்றி ரத்தமின்றி' பாட்டு உங்களுக்கே தெரியும். இரண்டு வரி போதும்.

கல்கி புத்தமங்கலத்துக்காரர் என்பதால் 'பொன்னியின் செல்வ'னை இழுக்காதீர்கள். அது ராஜா கதை. பிரிவினைக் கலவரம் வரை போகும் 'அலை ஓசை'தான் உங்கள் தலைப்புக்குப் பொருந்தும், 1956இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

1947இல் கட்டுரையை முடித்துவிடவும் கூடாது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, கூலி உயர்வுப் போராட்டத்தில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட தலித் கூலிக் குடும்பத்தார் 44 பேர். "நாம்" என்பதில் இவர்கள் உண்டா என்று கேட்டது இலக்கியம்தான். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977இல் அகாதெமி பரிசு. கூலிப் போராட்டத்தைப் பண்ணையாரின் ஆண்மைக் குறையில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார் என்று இடதுசாரிகள் சண்டைக்கு வந்தார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானது. இதைச் சொன்னால் கட்சிக்காரன் என்பார்கள், சொல்லட்டும். அதே கீழ்வெண்மணியைப் பற்றிய சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' நாவலையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இதில் பாதி கிளை நூலகத்தில் இருக்காது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், அலமாரியில் புதிதாக இருப்பதோ குரூப் 4 கையேடுதான். இந்தப் புத்தகங்களைக் கேட்டால் இண்டென்ட் (வாங்கித் தரச் சொல்லி மேலிடத்துக்குப் பட்டியல்) போட்டிருக்கிறோம் என்பார்கள். வேதநாயகம் பிள்ளையும் கல்கியும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். மற்ற இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.