சின்ன விமானத்தில் வழி கண்டுபிடிப்பது: வேலூர்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து விமான சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) பிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. விமானப் பயிற்சி மாணவர்களுக்கு நேவிகேஷன் பாடம் எடுப்பது என் தொழில். வீட்டில் நானும் எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் ஓட்டுகிறவன்தான். வழி கண்டுபிடிப்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்!

குடியாத்தம், கல்லூரி மாணவர்: அண்ணா, சிமுலேட்டரில் மீனம்பாக்கத்திலிருந்து செஸ்னா 172-ல் கிளம்பி, ஜிபிஎஸ் இல்லாமல் வேலூர் அப்துல்லாபுரம் விமான தளத்துக்கு வரப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஊர் கண்ணில் படுவதே இல்லை. எங்கே தப்பு?

தம்பி, பயிற்சிக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது. தூரம் சுமார் 65 நாட்டிகல் மைல் (120 கிலோமீட்டர்; இனி மைல் என்றாலே நாட்டிகல் மைல்தான்). திசை, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், சுமார் 266 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட நேர் மேற்கு. நம் பக்கத்தில் காந்த ஊசியின் விலகல் ஒன்றிரண்டு டிகிரிதான், முதல் பயிற்சிக்கு அதை விட்டுவிடுங்கள். விமானம் 110 நாட் (மணிக்கு 110 நாட்டிகல் மைல்) வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளில் 35, 36 நிமிடத்தில் வந்துவிடலாம்.

ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது செஸ்னா எம்மாத்திரம்? காற்று 240 டிகிரியிலிருந்து 20 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மூக்குக்குக் கொஞ்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறது. அதில் ஏறக்குறைய 18 நாட் எதிர்க்காற்று, 9 நாட் பக்கக்காற்று. தரைவேகம் (தரைக்கு மேல் நிஜமாக நகரும் வேகம்) 92-க்கு இறங்கிவிடும், பயணம் 42 நிமிடம் ஆகும். பக்கக்காற்றை 110-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் சுமார் 5 டிகிரி. அதுதான் டிரிஃப்ட், காற்று தள்ளும் கோணம். எனவே 266-ல் மூக்கை வைத்தால் ஊர் வராது, 261-ல் வைக்க வேண்டும்.

வைக்காவிட்டால்? 60 மைலுக்கு 1 டிகிரி தவறினால் 1 மைல் விலகல் என்பது பழைய கணக்கு. 5 டிகிரி, 65 மைல்: ஐந்தரை நாட்டிகல் மைல், அதாவது 10 கிலோமீட்டர் வடக்கே போயிருப்பீர்கள். காட்பாடிக்கும் அப்பால் ஆந்திர எல்லைப் பக்கம் நின்றுகொண்டு அப்துல்லாபுரத்தைத் தேடியிருக்கிறீர்கள். 36-வது நிமிடத்திலேயே தேட ஆரம்பித்திருந்தால் இன்னும் மோசம்! அந்த நேரத்தில் ஊருக்கு இன்னும் 10 மைல் பாக்கி.

கிளம்பும் முன் ஒரு தாளில் நேரம் எழுதிக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து காவேரிப்பாக்கம் ஏரி சுமார் 41 மைல், 27-வது நிமிடம். ஆற்காடு பக்கத்துப் பாலாற்றுப் பாலம் 49 மைல், 32-வது நிமிடம். ஏரி 27-க்குப் பதில் 30-வது நிமிடத்தில் வந்தால் தரைவேகம் 82தான். உடனே மொத்தப் பயணத்தை 47 நிமிடத்துக்கு மேல் என்று திருத்துங்கள். முதலில் கடிகாரம், அப்புறம் வரைபடம், கடைசியில் தரை. கீழே எதையோ பார்த்துவிட்டு அதை வரைபடத்தில் தேடாதீர்கள். தேடினால் கட்டாயம் கிடைக்கும், அதுதான் ஆபத்து.

காட்பாடி: ஆரம்பிக்கிறவர்களுக்கு எந்த ஜாய்ஸ்டிக் நல்லது?

கைப்பிடியைத் திருகினால் ரடர் (வால் சுக்கான்) அசைகிற மாதிரி ஏதாவது ஒன்று. அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

ஆற்காடு, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்ககம்) தேர்வுக்குப் படிப்பவர்: சார், வடக்கு நோக்கித் திரும்பும்போது காம்பஸ் பயங்கரமாகப் பின்தங்கும், 30 டிகிரி முன்னாலேயே திருப்பத்தை நிறுத்து என்றெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பயிற்சி விமானத்தில் அவ்வளவு தெரியவில்லையே. புத்தகம் தப்பா?

புத்தகம் சரிதான், எழுதினவர் ஊர் வேறே. காம்பஸ் ஊசி கிடைமட்டமாக மட்டும் இழுபடுவதில்லை, பூமிக்குள்ளும் சரிகிறது. லண்டனில் அந்தச் சரிவு 66 டிகிரி வாக்கில். விமானம் சாய்ந்து திரும்பும்போது ஊசி அந்தச் செங்குத்து இழுப்பில் மாட்டிக்கொண்டு பொய் சொல்கிறது. சரிவு பூஜ்யமாகும் காந்த நிலநடுக்கோடு நம் தென்தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. பூமிக்காந்த ஆய்வுக்கென்று திருநெல்வேலியில் ஓர் ஆய்வகமே இருப்பதற்கு அதுதான் காரணம். வேலூரில் சரிவு லண்டனில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் திருப்பப் பிழையும் சின்னது, கிழக்கு மேற்காகப் போகும்போது வேகம் கூட்டினால் ஊசி வடக்கே ஓடும் பிழையும் சின்னது.

தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். "எங்கள் ஊரில் அப்படி இல்லை" என்று எழுதினால் மார்க் போகும்.

ராணிப்பேட்டை: விஓஆர் (திசை காட்டும் ரேடியோ) நிலையத்துக்கு நேர் மேலே 6,000 அடியில் பறக்கும்போது டிஎம்இ (தூரம் காட்டும் கருவி) 1 மைல் காட்டுகிறது. கோளாறா?

இல்லை. டிஎம்இ சாய்வுத் தூரத்தை அளக்கிறது. 6,000 அடி என்பதே 1 நாட்டிகல் மைல்தான்.

வேலூர் சத்துவாச்சாரி: அப்துல்லாபுரம் பக்கம் 2,000 அடியில் பறந்தால் சென்னை விஓஆர் வருவதில்லை. சிமுலேட்டரில் பிழையா?

இது பிழை இல்லை, சிமுலேட்டர் சரியாக நடந்துகொள்கிறது. விஓஆர் அலை நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவுக்குப் பின்னால் வளைந்து வராது. உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்குங்கள், எத்தனை நாட்டிகல் மைலுக்கு எட்டும் என்று தெரியும். 2,000 அடிக்கு 55 மைல். நீங்கள் இருப்பது 65-ல். 3,000 அடியில் 67, இழுத்துப் பறித்து வரும். 4,500-க்கு ஏறினால் 82, நிம்மதி. நிலையத்தை விட்டு விலகிப் போகிறீர்கள், அதனால் போகும் திசையையே விஓஆர் கருவியின் குமிழில் வைத்து ஃப்ரம் (நிலையத்திலிருந்து) என்று வருகிறதா பாருங்கள். டூ (நிலையத்தை நோக்கி) என்று காட்டினால் முள் தலைகீழாக ஆடும். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் என்பது அந்த முள்ளுக்குத் தெரியாது.

வாணியம்பாடி, ஓய்வு பெற்ற பொறியாளர்: இத்தனை கணக்கு எதற்கு சார்? பாலாற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் வேலூர் தானாக வராதா?

மீனம்பாக்கத்தில் பாலாறு ஏது சார்? அது காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போய் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. காஞ்சிபுரம் வரை எதைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள்? அதற்குப் பிறகென்றால் உங்கள் யோசனை நல்லதுதான். நீரில்லா ஆறு என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்கள். மேலேயிருந்து பார்க்க அந்த மணல்தான் வசதி, கோடையில் வெள்ளையாகப் பட்டை போட்ட மாதிரி தெரியும்.

அரக்கோணம், ரயில்வே ஊழியர்: ஆறு இருக்கட்டும். சென்னையிலிருந்து காட்பாடி வரை தண்டவாளம் போகிறது. அதைவிட்டு ஆற்றை எவன் நம்புவான்? காட்பாடியில் நான்கு பக்கமும் லைன் பிரியும். அந்த அடையாளம் வேறெங்கே கிடைக்கும்?

ஐயா, உங்கள் ஊரிலேயே கிடைக்கும்! காட்பாடியிலிருந்து சென்னை, ஜோலார்பேட்டை, பாகாலா, விழுப்புரம் என்று நான்கு. அரக்கோணத்திலிருந்து சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டு என்று நான்கு. 3,000 அடியிலிருந்து இரண்டும் அண்ணன் தம்பி. நாற்சந்தியைப் பார்த்ததும் "காட்பாடி வந்தாச்சு" என்று இறங்கினால், எதிரே பெரிய ரன்வே ஒன்று தெரியும். அது கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சிமுலேட்டரில் அங்கே இறங்கிவிட்டு "வேலூர் ரன்வே எவ்வளவு பெரிசு" என்று எழுதியவர்களும் உண்டு. நிஜத்தில் அனுமதியில்லாமல் அந்த வான்வெளிப் பக்கம் மூக்கை நீட்டினாலே விசாரணைதான்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடிகாரம். 92 நாட் வேகத்தில் அரக்கோணம் 19-வது நிமிடத்தில் வலது பக்கம் வரும், காட்பாடி 39-வது நிமிடத்தில். இருபது நிமிட வித்தியாசத்தைப் பார்த்துமா ஊர் குழம்பும்?

மறுபடி வாணியம்பாடி: அதனால்தான் ஆறு என்கிறேன். காட்பாடிக்குத் தெற்கே ஆறு ஒட்டியே ஓடும், அரக்கோணத்தில் ஆறே கிடையாது.

ஒப்புக்கொள்கிறேன், நல்ல வாதம்.

மறுபடி அரக்கோணம்: கிழக்கேயிருந்து வருகிறவனுக்கு ஆற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. மணல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. ஸ்டேஷன் அப்படியா?

இதுவும் நல்ல வாதம். ஆறு "நீ எந்தப் பக்கம்" என்று சொல்லும், "எவ்வளவு தூரம்" என்று சொல்லாது. அதனால்தான் நான் பாலத்தைக் கேட்கிறேன். வாலாஜா வரை நெடுஞ்சாலை ஆற்றுக்கு வடக்கே. ஆற்காடு பக்கம் பாலம் ஏறித் தெற்கே வருகிறது. ஆறும் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்தப் புள்ளியில் பக்கமும் தெரியும், தூரமும் தெரியும். அங்கிருந்து ஆறு வலது பக்கம் இருக்கட்டும். அடியில் தண்டவாளம் வந்தால் வடக்கே தள்ளப்பட்டிருக்கிறீர்கள், இடது பக்கம் திரும்புங்கள். வேலூர் கோட்டை அகழி சதுரமாகத் தெரிந்ததும் நெடுஞ்சாலையை விடாமல் இன்னும் கொஞ்சம் மேற்கே, அப்துல்லாபுரம்.

திமிரி: இரண்டு பேரும் ஏரியை மறந்துவிட்டார்கள். காவேரிப்பாக்கம் ஏரியைவிடப் பெரிய அடையாளம் உண்டா?

ஐப்பசியில் உண்மை. சித்திரையில் ஏரி எங்கே? வரைபடத்தில் நீலம், கீழே பச்சையும் பழுப்பும், நடுவில் ஆடு மேயும். ஏரியை நம்பினால் தண்ணீரைத் தேடாதீர்கள், கரையைத் தேடுங்கள். வில் போல வளைந்த கரை பன்னிரண்டு மாதமும் அங்கேயேதான் இருக்கும், மதகுக்குக் கீழே ஆயக்கட்டு வயல் கட்டம் கட்டமாக விரியும். கரை எந்தப் பக்கம் வளைகிறது என்று வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். வட ஆற்காட்டில் ஏரிக்குப் பஞ்சமில்லை, அதனால் இங்கேயும் கடிகாரம் முதலில்.

இந்த வழக்கு இதோடு முடிந்தது. ஆறா, ரயிலா என்று இன்னும் எழுதியிருப்பவர்கள் வாணியம்பாடியில் சந்தித்துப் பேசிக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், பள்ளி ஆசிரியை: என் மகன் தினமும் சிமுலேட்டர் ஓட்டுகிறான். இந்த மணிநேரம் பைலட் லைசென்சுக்குக் கணக்காகுமா?

ஆகாது டீச்சர். வணிக லைசென்சுக்கு 200 மணி நேரம் நிஜமாகப் பறக்க வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிக் கருவியில் செய்வதை மட்டும் சிறு அளவில் சேர்ப்பார்கள். ஆனால் வீண் இல்லை: காற்றுக் கணக்கு, விஓஆர், செக்லிஸ்ட் பழக்கம் இங்கேயே வந்துவிடும். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண், காது, இதயம் எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் மற்றது.

பேரணாம்பட்டு: சிமுலேட்டர் மணிநேரம் லைசென்சுக்கு...

ஆகாது.

திருப்பத்தூர்: காலம் மாறிவிட்டது சார். டேப்லெட்டில் ஜிபிஎஸ் மேப் இருக்கும்போது கடிகாரமும் பென்சிலும் பழம்பெருமைதானே?

ஜிபிஎஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. 2000 மே மாதம் அமெரிக்கா சிக்னலில் வேண்டுமென்றே செய்துவந்த கலப்படத்தை நிறுத்தினதிலிருந்து அதன் துல்லியமே வேறு. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டிய ககன் என்ற துணை அமைப்பு அதை இன்னும் திருத்துகிறது. 2022 ஏப்ரலில் கிஷன்கட்டில் இண்டிகோ ஏடிஆர் விமானம் ஒன்று ககனை வைத்தே இறங்கிக் காட்டியது.

ஆனால் காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வதற்கு ஒரு வாடகை உண்டு. சூரியன் மறைந்த பிறகு நம் தலைக்கு மேல் அயனி மண்டலத்தில் குமிழ் குமிழாகக் கலக்கம் எழும், செயற்கைக்கோள் சிக்னல் அதில் மினுக்கும், சில நேரம் அறுந்தும் போகும். ஐரோப்பாவில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சிமுலேட்டரில் இது வரவே வராது, அங்கே ஜிபிஎஸ் சாகாது. நீங்களேதான் கொல்ல வேண்டும்: பாதி வழியில் மேப்பை அணைத்துவிட்டு, "இப்போது எங்கே இருக்கிறேன்" என்று தாளைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். தாளில் கடைசியாக எழுதிய நேரம் இல்லையென்றால் சொல்ல முடியாது. இதைத்தான் முதல் கேள்வியிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஏலகிரி: ஜோலார்பேட்டை பக்கம் 3,000 அடியில் வந்தேன், மலையில் மோதிவிட்டேன்.

உங்கள் ஊரே 3,600 அடி உயரத்தில் இருக்கிறதே ஐயா. ஆல்டிமீட்டர் (உயரமானி) கடல் மட்டத்திலிருந்துதான் சொல்லும், உங்கள் வீட்டு வாசலிலிருந்து சொல்லாது. ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்கள் 6,000-க்குக் கீழே வராதீர்கள். காவலூர் வானோக்கு நிலையத்து வெள்ளைக் கூண்டு தெரிகிறதா என்று வேடிக்கை பார்ப்பதும் அந்த உயரத்திலிருந்தே போதும்.

ஆரணி: டிரோன் வாங்கினால் எங்கே பதிவு செய்வது?

என் துறை இல்லை. டிஜிசிஏ தளத்தில் பாருங்கள். அரக்கோணம் பக்கம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

வாலாஜா: காசு செலவழிக்காமல் ஆரம்பிக்க முடியுமா?

முடியும். ஃப்ளைட்கியர் இலவசம். லிட்டில் நேவ்மேப் என்று ஒரு வரைபட மென்பொருள், அதுவும் இலவசம். ஒரு பென்சில், ஒரு கடிகாரம்.

சோளிங்கர், வேலூர் கொணவட்டம், பள்ளிகொண்டா (மூவரும்): எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம்?

மேலே காட்பாடிக்காரருக்குச் சொன்னதேதான்.