மகளின் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு விலை உயர்ந்த பெல்லட்தான் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம்.

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: மகள் எட்டாம் வகுப்பு, ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து சில மாதம் ஆகிறது, 10 மீட்டர் ஏர் ரைஃபிள், துப்பாக்கி கிளப்புடையது. பயிற்சிக்கும் ஆர்10 என்கிற விலை உயர்ந்த பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்று மற்ற பெற்றோர் சொல்கிறார்கள், மாதச் செலவு கையைக் கடிக்கிறது. அடுத்த வருடம் பாயின்ட் டூ டூவுக்கும், அதாவது வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிளுக்கும், போகலாம் என்று கோச் சொல்லியிருக்கிறாராம். நீங்கள் எந்த ஊரோ தெரியாது, ஆனால் உங்களுக்கு அறிவுரை சொன்னவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அதே ஆட்கள்தான் எங்கள் கிளப்பின் பார்க்கிங்கிலும் நிற்கிறார்கள்.

முதலில் ஒன்று. நான் கோச் இல்லை, பதக்கம் வாங்கியவனும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் வேலை. என் மகள் சுடுகிறாள், நான் பில் கட்டுகிறேன். எந்த பெல்லட் கம்பெனியும் எனக்கு ஒரு டின்கூட இலவசமாகத் தந்ததில்லை. நேஷனல்ஸ் ஆடுபவர்கள் இதைப் படித்துவிட்டு சண்டைக்கு வர வேண்டாம். இது உங்களுக்கான பதில் இல்லை.

என் மகள் சேர்ந்த புதிதில் நான் நடு ரக டின் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். இன்னொரு பையனின் அப்பா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, பொண்ணு விஷயத்துல போய்க் கணக்குப் பாக்கறீங்க?" என்றார். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். மகளும் பக்கத்தில்தான் நின்றாள். ரைஃபிளைத் தோளில் வைக்கவே இன்னும் சரியாக வராத பிள்ளைக்கு உச்ச ரகப் பெல்லட் போட்டால்தான் பாசம் என்று ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள், அது எனக்கு ஆறவே இல்லை. சரி, கணக்கு என்று வந்துவிட்டால் நம் பிழைப்பே அதுதானே என்று உட்கார்ந்தேன்.

உள்ளூர் மலிவு டின் ஒன்று, நடு ரகம் ஒன்று, உச்ச ரகத்தில் 4.49 மில்லிமீட்டர் தலை அளவில் (பெல்லட் முன்பக்கத்தின் விட்டம்) ஒன்று, 4.50-இல் ஒன்று. எல்லாவற்றையும் மில்லிகிராம் காட்டும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மலிவு டின்னில் 0.48 கிராமும் இருந்தது, 0.55-உம் இருந்தது. சில பெல்லட்டின் பின்பக்க விளிம்பு நசுங்கியிருந்தது, சிலவற்றின் உள்ளே ஈயச் சிம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தட்டில் உருட்டிவிட்டால் நசுங்கியவை தத்தித் தத்தி ஓடி நிற்கும். நடு ரகமும் உச்ச ரகமும் 0.53-ஐ ஒட்டியே நின்றன. தராசை வைத்து இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை, இருபது வருடமாக மைக்ரோமீட்டர் பிடித்த கை இது.

அப்புறம் கோச்சிடம் கெஞ்சி ஒரு மாலை நேரத்துக்குச் சுடும் இடம் (லேன்) கேட்டு வாங்கினேன். நாலு வகையையும் நாலு பாட்டில் மூடியில் கொட்டி, அடியில் எண் மட்டும் எழுதி, கிளப்பின் சீனியர் பையன் ஒருவனிடம் கொடுத்தோம். எது எந்த டின் என்று அவனுக்குத் தெரியாது. மேஜையில் மணல் மூட்டை வைத்து, என் மகள் எடுக்கும் அதே கிளப் ரைஃபிளில், பேப்பர் டார்கெட்டில் சுட்டான். நடு ரகமும் உச்ச ரகத்தின் 4.50-உம் கிட்டத்தட்ட ஒரே ஓட்டை. உச்ச ரகத்தின் 4.49 கொஞ்சம் அகலம். மலிவு டின் பாதி நன்றாகவே போனது, நடுநடுவே ஒன்று எங்கேயோ ஓடியது. கோச் டார்கெட்டுகளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஜூனியருக்கு இதையே போடலாங்க" என்று நடு ரகத்தைக் காட்டினார்.

அன்றைக்கு டின்னைத் திருப்பிப் பார்த்த அந்த அப்பாவிடமும் காட்டினேன், விடுவேனா. "அது உங்க ரைஃபிளுக்கு அப்படி" என்றார். அது உண்மைதான். ஒரு ரைஃபிள், ஒரு ஆள், ஒரு மாலை. இதை ஆராய்ச்சி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு தலை அளவு பிடிக்கும், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்கூட மாறும். அதனால்தான் கம்பெனிகள் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாக விற்கின்றன. ஆனால் அவருடைய வாதமே என் பக்கம்தான் பேசுகிறது. ரைஃபிளைப் பொறுத்தது என்றால், சோதித்துப் பார்க்காமல் விலையைப் பார்த்து வாங்குவது எந்த ஊர் நியாயம்?

இப்போது உங்கள் மகளின் நிலையில் வைத்துப் பாருங்கள். 10 மீட்டர் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் 4.5 மில்லிமீட்டர், அது அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. அதாவது பெல்லட்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் விலகினாலும் பத்துதான். சேர்ந்து சில மாதமான பிள்ளையின் குரூப் (குண்டுகள் சிதறி விழும் பரப்பு) 20 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெல்லட்டின் பங்கு 3 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்பதுதானே இந்த விலை வித்தியாசமெல்லாம்? இரண்டு சிதறலை நேராகக் கூட்டக் கூடாது. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் கணக்கில் 20.2, இரண்டாவதில் 20.6. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த வித்தியாசத்துக்குத்தான் டின்னுக்கு டின் கூடுதலாகக் கொட்டிக் கொடுக்கிறோம். பத்தையும் 10.0 முதல் 10.9 வரை பிரிக்கும் டெசிமல் ஸ்கோரில் 0.1 என்பது 0.25 மில்லிமீட்டர். அறுபது ஷாட்டுக்கு 625-க்கு மேல் போடுகிறவர்கள் இதற்காக லாட் லாட்டாக (ஒரே தடவையில் தயாரான தொகுதி ஒவ்வொன்றாக) சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டில் 10.8 போட்டாரே, அந்த இடத்தில் பெல்லட் மேல் சந்தேகம் துளிகூட இருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் இப்போது பேசுவது எட்டா ஒன்பதா என்று.

அப்படியென்றால் இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிடலாமே என்று உடனே கேட்பீர்கள். அதுவும் கூடாது. குரூப் அகலம்கூட இரண்டாம் பட்சம். ஷாட் வெளியேறிய நொடியில் "இது வலப்பக்கம் போயிருக்கும்" என்று பிள்ளை சொல்லப் பழக வேண்டும். எங்கள் கோச் டார்கெட்டைப் பார்க்க விடுவதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார். பெல்லட் தன் இஷ்டத்துக்கு ஓடினால், பிள்ளை சரியாகச் செய்ததையும் தப்பு என்று நினைத்துக்கொண்டு கையை மாற்றும், கன்னம் வைக்கும் இடத்தை மாற்றும், சைட்டை (குறிபார்க்கும் கருவி) திருகும். அந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய ஆகும் மாதங்களுக்கு எத்தனை டின் செலவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஆக நீங்கள் தேட வேண்டியது: 4.5 மில்லிமீட்டர், தட்டைத் தலை, 0.53 கிராம் அல்லது அதை ஒட்டியது. தட்டைத் தலைதான் பேப்பரில் வட்டமாக வெட்டும். கூர்தலையும் உருண்டைத் தலையும் பேப்பரைக் கிழிக்கும், ஸ்கோர் பார்க்கவே சண்டை வரும். 0.45 கிராம் என்று போட்டு வருவது பெரும்பாலும் பிஸ்டலுக்கானது, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார், பார்த்து வாங்குங்கள். பெயர் வேண்டுமென்றால், ஆர்10 செய்யும் அதே ஆர்டபிள்யூஎஸ் கம்பெனியின் மைஸ்டர்குகெல்ன் ஒரு படி கீழே. எச் அண்ட் என் கம்பெனியில் உச்ச ரகமான ஃபினாலே மேட்ச்சுக்குக் கீழே பயிற்சி ரகங்கள் இருக்கின்றன. கோச்சிடம் சொல்லி இரண்டு மூன்று வகையை உங்கள் கிளப் ரைஃபிளிலேயே சுட்டுப் பாருங்கள். பிடித்தது கிடைத்தால் ஒரே லாட்டில் நாலைந்து டின் எடுத்து வைத்துவிடுங்கள், வருடத்துக்கு அரிசி மூட்டை போடுகிற மாதிரி. ஒரு பயிற்சிக்கு 80, 100 ஷாட் என்றால் 500 பெல்லட் டின் ஐந்தாறு பயிற்சிக்குத்தான் வரும்.

இதைவிட மலிவானது ஒன்று இருக்கிறது, பெல்லட்டே போடாமல் சுடுவது. மேட்ச் ரைஃபிள்களில் டிரை ஃபயருக்கென்றே வசதி உண்டு. டிரிகர் மட்டும் அடிக்கும், காற்று செலவாகாது. என் மகள் பாதி நேரம் இதைத்தான் செய்கிறாள். "சுடாம நிக்கிறதுக்கா ஃபீஸ் கட்டறீங்க" என்று அதற்கும் பேச்சு கேட்டாயிற்று. ஸ்பிரிங் ரைஃபிளாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பெல்லட் இல்லாமல் அடித்தால் உள்ளே பிஸ்டன் போய் மோதிக் கெட்டுவிடும்.

செலவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் சொல்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பெல்லட் செலவுகூட எனக்கு வலிக்கவில்லை. ஸ்டேட் மேட்சுக்கு லீவ் கேட்டபோது மகளின் பள்ளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குங்க, கேரம் ஆடட்டுமே." போன நாட்களுக்கெல்லாம் ஆப்சென்ட். ரைஃபிள் சங்கத்தின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தும், வருகைப் பதிவு குறைவு என்று என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். மெடல் வந்த வாரம் பள்ளி கேட்டில் ஃப்ளெக்ஸ். அவள் படம் சிறியதாக ஓரத்தில், தாளாளர் படம் பெரிதாக நடுவில். அவள் கையில் ஏதோ சினிமாவில் வரும் மெஷின் கன்னை ஒட்டி வைத்திருந்தார்கள். ஆப்சென்ட் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, "வீட்ல வெச்சிருக்கீங்களா? போலீஸ் ஒண்ணும் கேக்காதா?" என்றார். சரி, விடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைஃபிள்கள் 7.5 ஜூல் பக்கம்தான். பாயின்ட் டூ டூ அப்படி இல்லை, அது முழுத் துப்பாக்கி, லைசென்ஸ் கட்டாயம். ரவுண்டு (தோட்டா) ஒவ்வொன்றுக்கும் கணக்கு. எங்கள் கிளப்பில் ஜூனியர்கள் சுட்டு முடித்ததும் காலி கேஸை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அங்கே செலவுக் கணக்கும் வேறு. 50 மீட்டரில் பத்தின் வட்டம் 10.4 மில்லிமீட்டர். இரண்டு ரவுண்டுக்கு இடையே நொடிக்கு 10 மீட்டர் வேகம் வித்தியாசப்பட்டால் மேலும் கீழுமாக ஏழெட்டு மில்லிமீட்டர் போய்விடும். பிள்ளை ஒன்றுமே தப்புச் செய்யாமல் ஓரத்துப் பத்து ஒன்பதாகிவிடும். அதனால் ஏர் ரைஃபிளுக்கு நான் சொன்ன தைரியத்தை அங்கே அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பயிற்சிக்கு எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் என்கிற .22 ரவுண்டு மாதிரி நொடிக்கு 330 மீட்டருக்குள், ஒலி வேகத்துக்குக் கீழே போகும் ரகமாக இருக்கட்டும். வேகமாகப் போகும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் ரவுண்டுகள் ஒலி வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, டார்கெட்டை நெருங்கும்போது அந்த எல்லைக்கே இறங்கி வந்து ஆடும். லாபுவா கம்பெனியின் .22 ரவுண்டுகளான சென்டர்-எக்ஸும் மிடாஸ் பிளஸ்ஸும் ஒரே வரிசையில் தயாராகி, சோதனைக்குப் பிறகு தரம் பிரிக்கப்படுபவை. ஆக கீழ்ப்படியில் இருக்கிற சென்டர்-எக்ஸ் லாட் உங்கள் பேரலுக்குப் பிடித்துப்போக வாய்ப்பு இருக்கிறது. பிராண்டு மாற்றினால் முதல் சில ரவுண்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். புது ரவுண்டில் பூசியிருக்கும் மசகு பேரலில் படிகிற வரை குரூப் திறந்தேதான் இருக்கும்.

பெல்லட்டுக்குத் திரும்பினால், கடையில் இரண்டு விஷயம் பாருங்கள். டின் பின்னால் ஒட்டியிருக்கும் லாட் எண் எல்லா டின்னிலும் ஒன்றுதானா என்று. அப்புறம் மூடியைத் திறந்து, உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று. பூத்திருந்தால் ஈயம் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது, தள்ளுபடி தருகிறேன் என்றாலும் வேண்டாம். திறந்து காட்ட மாட்டேன் என்றால் வேறு கடை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொட விடாதீர்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோட் செய்யும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு, பார்த்த உடனே திட்டிவிடுங்கள்.