புள்ளிங்கோவும் டார்க் அகாடெமியாவும் – கடிதம்

வணக்கம்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் முழுக்க 'காட்டேஜ்கோர்' என்று சொல்லிக்கொண்டு பூப்போட்ட கவுன், பிரம்புக்கூடை, காயவைத்த பூங்கொத்து என அறையை நிரப்பினாள். இந்த வருஷம் அத்தனையும் பரணுக்குப் போய்விட்டது. இப்போது 'டார்க் அகாடெமியா', அதாவது பழைய நூலகம், புத்தகம், மங்கிய நிறங்கள் என்றொரு பாணி. பழுப்பு நிறத்தில் கம்பளிக் கோட்டு வேண்டுமாம், ஈரோட்டு வெயிலில்! ஏன் என்று கேட்டால் "நான் அந்த டைப்மா" என்கிறாள். அவளுக்கென்று ஒரு ருசியே இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

சென்னையில் என் அண்ணன் மகன் எட்டாம் வகுப்பு. 'புள்ளிங்கோ கட்டிங்' என்று சொல்லி அவன் தலைமுடியைப் பள்ளியிலேயே, எல்லார் முன்னாலும் வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து பள்ளிக்குப் போக மறுக்கிறான்.

இந்தப் பெயர்களெல்லாம் பிள்ளைகளை ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றனவா? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

எம்., ஈரோடு

*

அன்புள்ள எம்.,

போனைப் பிடுங்க வேண்டாம். கோட்டும் வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரு பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான் ஒற்றுமை. மகள் தானே எடுத்துச் சூடிக்கொண்டாள், வேண்டாம் என்றால் நாளைக் காலையில் கழற்றிவிடுவாள். பையனுக்கு மற்றவர்கள் வைத்தார்கள், அவனால் கழற்ற முடியாது. ஆகவே தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் மகள். ஒரு கூட்டத்தின் பெயரை ஏற்றுக்கொண்டால் பிள்ளை தன்னை இழந்துவிடும் என்ற பயம் எல்லாத் தலைமுறைப் பெற்றோருக்கும் இருந்திருக்கிறது. நான் அதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. பெயருக்குப் பின்னால் மனிதர்கள், சந்திக்கும் இடம், கையால் செய்யும் வேலை எல்லாம் இருந்தால் பிள்ளைகள் அதற்குள்ளேயே ஆளுக்கொரு விதமாக வளர்கிறார்கள். பின்னால் படங்கள் மட்டுமே இருக்கும் பெயர்தான் தொந்தரவு.

டோக்கியோவின் ஹராஜுகு பகுதி இதற்கு நல்ல உதாரணம். 1977இலிருந்து அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையை வண்டிகளுக்கு அடைத்து நடப்பவர்களுக்கு விட்டார்கள். நடுரோட்டில் ஆட்டம், பாட்டு, விதவிதமான உடை. 1997இல் ஷோய்ச்சி ஆவோகி என்ற புகைப்படக்காரர் அந்தத் தெருவுக்காகவே 'ஃப்ரூட்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தெருவில் நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை ஒரு படம். பக்கத்தில் அவர் வயது, செய்யும் வேலை, உடுத்தியிருக்கும் ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்ற விவரம். 'நானே தைத்தது', 'பழைய துணிக்கடை' என்று அதில் அடிக்கடி வரும். பாட்டி காலத்துக் கிமோனோத் துணியையும் மேல்நாட்டுச் சட்டையையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, காலில் மரக்கட்டைச் செருப்போடு நிற்பவர்களை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம். அந்த உடையை யாரும் செட்டாக விற்கவில்லை. வேண்டுமென்றால் தேடிச் சேர்க்க வேண்டும், இல்லை தைக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்திலேயே மிகக் கறாரான விதிகள் கொண்டது லோலிடா பாணி. அதே பெயருள்ள நாவலை நினைத்து மிரள வேண்டாம், அது உடம்பைக் காட்டாத உடை. முழங்காலைத் தொடும் மணி வடிவப் பாவாடை, அது எழும்பி நிற்க உள்ளே அடுக்கடுக்காக வலைத்துணிப் பாவாடை, கழுத்துவரை மூடிய சட்டை, தலையில் ரிப்பன். உள்பாவாடை தொய்ந்து கிடந்தாலோ மலிவான லேஸ் வைத்தாலோ மூத்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இவ்வளவு விதி இருந்தும் ஆட்கள் ஏன் நகல்களாகவில்லை? 2001 முதல் 2017 வரை வந்த 'காதிக் அண்ட் லோலிடா பைபிள்' என்ற அவர்களுடைய பத்திரிகை, தைத்துக்கொள்வதற்கான அளவுத்தாளையும் சேர்த்தே கொடுத்தது. அளவுத்தாளை வைத்துத் தைப்பவருக்குச் சொன்ன துணி கிடைக்காது, வேறு போடுவார். கைப்பட்டை இறுகும், பிரித்து மாற்றுவார். தோழி பார்த்துவிட்டு ஒன்று சொல்வாள், சண்டை வரும். ஒரு வருஷம் இப்படிப் போனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் உடை அவரவருடையதாகிவிடும்.

1998இல் அந்தச் சாலையை மறுபடி வண்டிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அதே வருஷம் மலிவான ரெடிமேட் துணி விற்கும் யூனிக்ளோ அங்கே கடை போட்டது. 2008இல் அதே ரகத்து எச் அண்ட் எம் வந்தது. 2017இல், 233 இதழ்களுக்குப் பிறகு, ஆவோகி பத்திரிகையை நிறுத்தினார். படமெடுக்கும்படியான பிள்ளைகள் தெருவில் இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். தெரு காலியான பிறகும் 'ஹராஜுகு பாணி' என்ற பெயரில் உலகமெங்கும் துணி விற்றுக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் மகளின் பெயர்களுக்கு வருவோம். காட்டேஜ்கோர் 2018 வாக்கில் டம்ப்ளர் தளத்தில் புழக்கத்துக்கு வந்து, 2020 ஊரடங்கில் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் டிக்டாக்கை அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே தடை செய்துவிட்டதால் நம் பிள்ளைகளுக்கு இவை ரீல்ஸிலும் பின்டெரஸ்டிலும் வந்து சேர்கின்றன. வரும் விதத்தைக் கவனியுங்கள். ஒருவர் மர மேசை, மெழுகுவர்த்தி, பழைய புத்தகம் என்று ஒரு படம் போடுகிறார். மேசைப் படத்தை யார் தேடப் போகிறார்கள்? ஹேஷ்டேக்கில் ஒரு பெயரைச் சேர்த்தால் அந்தப் பெயரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் வந்து விழுவார்கள். உங்கள் மகள் அந்தப் படத்தில் சில விநாடி கூடுதலாக நின்றால் செயலி அதைக் குறித்துக்கொண்டு, அதே சாயலில் இன்னும் பத்தைக் காட்டும். பிறகு வியாபாரி வருவார். கிடங்கில் ஏற்கெனவே கிடக்கும் பழுப்புச் சட்டையின் தலைப்பில் அந்தப் பெயரைச் சேர்ப்பார். சட்டை அதேதான். பெயர் பழசானதும் அதே சட்டை இன்னொரு பெயரில் வரும்.

மகள் சேமித்து வைத்திருக்கும் படங்களை அவள் அனுமதியோடு ஒருமுறை பாருங்கள். பலவற்றில் முகமே இருக்காது. ஒரு கை, ஒரு கோப்பை, ஜன்னல் வெளிச்சம், தோள்வரை வெட்டிய ஓர் உருவம். பார்க்கிறவர் தன்னை அங்கே வைத்துக்கொள்ள வசதியாக எடுத்த படங்கள். ஆனால் "உன் உள்பாவாடை தொய்ந்து கிடக்கிறது" என்று சொல்ல அங்கே ஆளில்லை. சண்டை போட ஆளில்லாத இடத்தில் பிள்ளைக்கு மிஞ்சும் ஒரே வேலை வாங்குவது. கோட்டு வந்து சேர்ந்த மறுவாரம் அதுவும் சலிக்கும்.

"எல்லோரையும்போல இருக்கக் கூடாது" என்ற வீராப்பும் இதற்கு மருந்தில்லை. ஜோனத்தன் டூபூல் என்ற கணிதவியலாளர், ஊருக்கு எதிராகப் போக நினைப்பவர்கள் கடைசியில் ஒரே மாதிரி ஆவது எப்படி என்று சமன்பாடு போட்டே காட்டினார். ஊர் என்ன செய்கிறது என்ற சேதி ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது, அந்தப் பழைய சேதிக்கு எதிராக எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். 2019இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்ற பத்திரிகை இதைப் பற்றி எழுதி, தாடியும் பின்னல் தொப்பியும் கட்டம் போட்ட சட்டையுமாக ஓர் இளைஞர் படத்தைப் போட்டது. என் படத்தை எப்படிக் கேட்காமல் போடலாம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். விசாரித்தால் படத்தில் இருந்தது அவரே இல்லை, வேறு யாரோ!

சரி, வீட்டில் என்ன செய்வது? இந்த வருஷப் படங்களிலிருந்து பத்து, போன வருஷக் காட்டேஜ்கோர் படங்களிலிருந்து பத்து, அவளையே பொறுக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் போனால் பொறுக்குவது நின்று குவிப்பதாகிவிடும். இரண்டிலும் மறுபடி மறுபடி வருவது என்ன என்று அவளே எழுதட்டும். மண்நிறமா, தனியாக உட்காரும் மூலையா, கையெழுத்தா, மரமா, துணியின் சொரசொரப்பா? பெயர் மாறியும் மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் அவளுடைய ருசி. பெரும்பாலும் இரண்டு மூன்று தேறும். ஒன்றுமே தேறவில்லை என்றாலும் பதற வேண்டாம். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்: தேடிப்பார்த்தபின் ஒன்றில் நிலைப்பவர்கள் உண்டு, தேடாமலே ஒன்றில் அடைபட்டுப்போகிறவர்களும் உண்டு, இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வருஷத்துக்கொரு பெயரை மாற்றும் பதினாறு வயது தேடிக்கொண்டிருக்கிற வயது. ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு அசையாத பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

அடுத்தது கோட்டு. கம்பளிக்குப் பதில் சென்னிமலைப் பக்கத்துக் கைத்தறியிலோ உங்கள் ஊர் ஜவுளிச் சந்தையிலோ பழுப்புக் கட்டம் போட்ட கனமான பருத்தியை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கையில்லாத வெயிஸ்ட்கோட்டுக்கு 44 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர், உள்துணிக்கு அதேயளவு மெல்லிய காட்டன். வெட்டுவதற்கு முன் இரண்டையும் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் மேல்துணி ஒரு பக்கமும் உள்துணி இன்னொரு பக்கமும் இழுக்கும். முதல் தடவை கண்டிப்பாகத் தப்புவது முன்பக்கக் கட்டங்கள். இடது பாதியின் கோடும் வலது பாதியின் கோடும் பொத்தான் போட்டால் நேராகச் சேராது. துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டும்போது அடித்துணி நகர்ந்துவிடுவதுதான் காரணம். ஒரு பாதியை வெட்டி, அதைத் துணிமேல் கவிழ்த்து வைத்துக் கோட்டுக்குக் கோடு பொருத்தி மறு பாதியை வெட்ட வேண்டும். ஒன்றேகால் மீட்டர் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான். தெருமுனைத் தையல்காரரிடம் நாலு நாள் உட்கார்ந்து கற்றால் போதும். தையலில் மனம் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். டார்க் அகாடெமியா புத்தகத்தைச் சுற்றிய பாணி, அவள் உண்மையில் என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் கோட்டுக் காசை அவள் கையில் கொடுத்துத் தனியாகச் சுற்ற விடலாம்.

போனில் ஒரு மாற்றம் போதும்: தேடும்போது பாணியின் பெயரைப் போடாமல் பொருளின் பெயரைப் போடுவது. இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளை அழித்து முதலிலிருந்து தொடங்கும் வசதி இருக்கிறது, ஆனால் அழித்தபின் அதே படங்களில் நின்றால் சில நாளில் பழையபடி ஆகிவிடும். ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஏதாவது ஒரு பாணியின் பெயரைச் சொல்லிச் சாப்பாட்டைக் குறைத்தாலோ, உடம்பைக் காயப்படுத்திக்கொண்டாலோ அது ரசனை சமாச்சாரம் இல்லை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி அண்ணன் மகன். வெளியிலிருந்து பெயர் வைக்கிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம்கூடக் கிடையாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 'கிரஞ்ச்' என்ற ராக் இசைக் கூட்டத்து இளைஞர்கள் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை போட்டது அங்கே குளிர், அந்தச் சட்டை மலிவு என்பதால். 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் அவர்களுடைய பேச்சுவழக்கைக் கேட்டு, அங்கே இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பருக்குப் போன் செய்தது. அவர் விளையாட்டாக, வாயில் வந்ததையெல்லாம் அடித்துவிட்டார். கிழிந்த பழைய ஜீன்ஸுக்கு 'வாக் ஸ்லாக்ஸ்' என்றார். அத்தனையும் அகராதியாக அச்சாகிவிட்டது.

அதில் யாருக்கும் நஷ்டமில்லை. புள்ளிங்கோ கதை அப்படியில்லை. 2019 வாக்கில் கானாப் பாட்டும் டிக்டாக்கும் வழியாக வடசென்னைப் பையன்கள் தங்களைத் தாங்களே கொண்டாடிச் சொன்ன சொல் அது. காதுக்கு மேலே மெஷின் வைத்து ஒட்ட வழித்து, உச்சியில் அடர்த்தியாக விட்டு, முன்னால் கொஞ்சம் கலர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள், பாட்டு இருந்தது, தெரு இருந்தது. டிக்டாக் போனது. மீமும் வசவும் மிச்சம். இன்று அந்தச் சொல்லை அதிகம் சொல்கிறவர்கள் வெளியாட்கள், அதற்குப் பொருளும் 'உருப்படாதவன்' என்றாகிவிட்டது. அந்த வெட்டை வெட்டாதீர்கள் என்று தலைமையாசிரியர்கள் சலூன்காரர்களைக் கேட்டுக்கொண்ட செய்திகளும் வந்தன. ஏறத்தாழ அதே வெட்டில் ஒரு கால்பந்து வீரர் வந்தால் அது 'ஃபேடு' (fade) என்ற ஸ்டைல். மயிரில் வித்தியாசம் கொஞ்சம்தான், அது எந்தத் தெருப் பையன் தலையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே. இதைத் தனித்தன்மைப் பிரச்சினை என்று பேசுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது ஒரு பையனை அவமானப்படுத்திய விஷயம்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு அதற்குள் வருகிறது. உங்கள் அண்ணன் தலைமையாசிரியரை நேரில் பார்த்து இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்கட்டும்: முடி பற்றிய பள்ளி விதி என்ன, பெற்றோருக்குச் சொல்லாமல் வெட்டச் சொன்னது யார். வாய்ப்பேச்சாக முடித்தால் அடுத்த பையனுக்கும் இதுவே நடக்கும். கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம், அவசரமென்றால் 1098. பையனிடம் "முடிதானே, வளரும்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அவன் பள்ளிக்குப் போகாதது முடிக்காக இல்லை. திரும்பிப் போகும் முதல் நாள் அப்பா கூடப் போய், வகுப்பாசிரியர் அவனிடம் பேசிய பிறகு கிளம்பட்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். அடுத்த வெட்டு எப்படி என்பதை அவனும் சலூன்காரரும் முடிவு செய்துகொள்ளட்டும், எழுத்தில் வாங்கிய விதியில் உள்ள நீளம் மட்டும் நினைவில் இருந்தால் போதும்.