150 கி.மீ. சைக்கிள் பயணம்: வலி மாத்திரையை வைத்துவிட்டு சீட்டை உயர்த்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 47, எடை 74 கிலோ. சென்னையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஜனவரி நடுவில், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை, ஒரே நாளில் 150 கி.மீ. இன்னும் 12 வாரம் இருக்கிறது. இப்போது ஞாயிறு தோறும் 25 கி.மீ. ஓட்டுகிறேன். 15 கி.மீ. தாண்டினால் இரண்டு முட்டியிலும் முன்பக்கம் வலிக்கிறது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது இன்னும் அதிகம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. வலி தெரியாமல் இருக்க, கிளம்பும் முன் டைக்ளோஃபினாக் 50 மி.கி. ஒன்று போட்டுக்கொள்கிறேன். பி.பி.க்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5 சேர்ந்த மாத்திரை தினமும் காலையில். சைக்கிள் ஹைப்ரிட், 700×35 டயர். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றும்படி உயரம் வைத்திருக்கிறேன். கடையில் 85 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக் கொடுத்தார்கள். நான் போகலாமா?

பதில்: போகலாம். 12 வாரம் போதுமான அவகாசம். ஆனால் இன்றைக்கே ஒன்றைச் செய்யுங்கள்: ஓட்டுவதற்கு முன் டைக்ளோஃபினாக் போடுவதை நிறுத்துங்கள். நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைத்தது முட்டி வலியோ விரல் மரப்போ அல்ல, இந்த மாத்திரைதான்.

காரணத்தைச் சொல்கிறேன். மணிக்கணக்கில் வியர்க்கும்போது உடம்பில் நீர் குறைகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. அப்போது சிறுநீரகம் இரண்டு வழியில் சமாளிக்கும். ரத்தம் உள்ளே வரும் நாளத்தை விரித்துக்கொள்ளும். வெளியே போகும் நாளத்தை இறுக்கிக்கொள்ளும். இப்படித்தான் வடிகட்டத் தேவையான அழுத்தம் உள்ளே நிற்கிறது. டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் முதல் வழியை அடைக்கின்றன. டெல்மிசார்டன் இரண்டாவது வழியைத் தளர்த்துகிறது. தையசைட் நீரையும் உப்பையும் மேலும் வெளியேற்றுகிறது. மூன்றும் சேர்ந்து, வெயிலும் வியர்வையும் சேர்ந்தால், நல்ல சிறுநீரகம்கூடத் திடீரென்று செயலிழக்கலாம். போதாததற்கு வலி மாத்திரை பி.பி.யையும் ஏற்றும். 25 கி.மீ. வரை தப்பித்திருக்கிறீர்கள், 150 கி.மீ.யில் அந்தச் சோதனை வேண்டாம்.

பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இரண்டு விஷயம் பேசுங்கள். கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பார்க்க ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., அவர் தேவையென்று கருதினால் டிரெட்மில் டெஸ்ட். நீண்ட தூரம் ஓட்டும் நாளில் தையசைட் சேர்ந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, அல்லது வேறு மாத்திரைக்கு மாறுவதா என்பது. ஓய்வாக இருக்கும்போதே 180/110க்கு மேல் காட்டினால் அன்று சைக்கிளைத் தொட வேண்டாம். (இதைப் படிக்கும் வேறு யாராவது மெட்டோப்ரோலால், அட்டெனோலால் சாப்பிடுபவராக இருந்தால், கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்பிப் பயிற்சி செய்யாதீர்கள். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது.)

இனி முட்டி. முன்பக்க வலி, படி இறங்கும்போது கூடுதல் என்கிறீர்கள். முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தி உரசுவதால் வரும் வலி இது. நீங்களே காரணத்தையும் எழுதிவிட்டீர்கள்: உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் படுகிறது என்றால் சீட் மிகவும் தாழ்வு. தாழ்ந்த சீட்டில் கால் நீளவே நீளாது. மடங்கிய முட்டியோடே அழுத்தி அழுத்தி மிதிக்கிறீர்கள். மடங்கும் கோணம் கூடக் கூடச் சில்லின் மேல் அழுத்தமும் கூடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 4,000 முறை இப்படி மிதிக்கிறது.

சரியான உயரம் காண: வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி மேலே தூக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. வந்தால் 70.6 செ.மீ. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் சாய்விலேயே சீட்டின் மேற்பரப்பு வரை இந்த அளவு இருக்க வேண்டும். சரிபார்க்க, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதுதான் வேண்டும்.

ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். தாழ்ந்த சீட்டுக்குப் பழகிய தசைகள் முரண்டு பிடிக்கும். இரண்டு மூன்று சவாரிக்கு ஒருமுறை 5 மி.மீ. போதும். முட்டிக்குப் பின்னால் இழுத்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம், சற்று இறக்குங்கள். சீட் போஸ்ட்டில் குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய கோடு பொறித்திருக்கும். அது வெளியே தெரிந்தால் நீளமான போஸ்ட் வாங்குங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் இழுத்தால் போஸ்ட் வளையும், பிரேமும் விரியும். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றுங்கள்; ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கியரையும் கவனியுங்கள். கனமான கியரில் மெதுவாக மிதிப்பது முட்டிக்குப் பகை. 15 விநாடியில் வலது முட்டி 20 முறை மேலே வந்தால் நிமிடத்துக்கு 80, அதுதான் இலக்கு. 15க்குக் கீழே போனால் கியரை இறக்குங்கள். இதோடு வாரத்தில் இரண்டு நாள் தொடைக்கும் பிட்டத்துக்கும் பயிற்சி: மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, காலை நேராக வைத்துத் தூக்குவது, ஒரு படியிலிருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குவது. ஒவ்வொன்றும் 12 முறை வீதம் 3 சுற்று. முட்டி வீங்கினாலோ, மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ சீட்டைத் திருகிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்வு தரும் அல்னார் நரம்பு, உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் தோலுக்கு மிக அருகே போகிறது. ஹேண்டில்பாரில் நீங்கள் ஊன்றுவது அந்த இடத்தில்தான். இங்கே முதல் குற்றவாளி டயரில் அடித்த காற்று. 85 பி.எஸ்.ஐ.யில் 35 மி.மீ. டயர் கல்லாக இருக்கும். சாலையின் ஒவ்வொரு அதிர்வும் கைக்கு வரும். உங்கள் எடைக்குப் பின் டயரில் 55, முன் டயரில் 50 போதும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கீழ் எல்லைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு காட்டும் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அளவு ஆகாது.

இரண்டாவது, சீட்டின் மூக்கு. அது கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி முழு எடையும் கையில் இறங்கும். சீட்டின் மேல் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வையுங்கள்; குமிழி நடுவில் நிற்க வேண்டும். சீட்டை உயர்த்தியதும் ஹேண்டில்பார் தாழ்ந்துவிட்டதாகத் தோன்றும். அப்போது ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு) உயர்த்தவோ, சிறியதாக மாற்றவோ கடையில் கேளுங்கள். மணிக்கட்டு பின்னால் மடியாமல், முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். நேரான ஹேண்டில்பாரில் கை வைக்க ஒரே இடம்தான் என்பதால் ஓரத்தில் மாட்டும் பார் எண்டு ஒரு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறையும் உதவும்.

ஒரு வெள்ளைத்தாளைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கி, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் மட்டும் வழுக்கிப் போனாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, மரப்பு மறுநாளும் தீராமல் இருந்தாலோ ஓட்டுவதை நிறுத்தி நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் பி12 அளவும் பார்த்துவிடுவது நல்லது. இதேபோல் கவட்டில் மரப்பு வந்தாலும் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று 20 விநாடி ஓட்டுங்கள்.

பயிற்சிக்கு ஞாயிறு தூரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 30, 38, 46 கி.மீ.; நாலாவது வாரம் 35; பிறகு 55, 65; ஏழாவது வாரம் 50; அடுத்து 80, 95, 110; பதினோராவது வாரம் 50; பன்னிரண்டாவது வாரம் பயணம். இடையிடையே தூரம் குறைவது தவறிப்போய் அல்ல. தசையும் தசைநாரும் வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான். 110 ஓட்டிய உடம்பு, நல்ல சாப்பாடும் துணையும் இருந்தால் 150 போகும். நாள் தவறினால் மறுவாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வார நாட்களில் இரண்டு காலை, 45 நிமிடம் வீதம் போதும். ஒரு நாள் பேச்சு தடைபடாத வேகம். இன்னொரு நாள் இடையில் 4 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக என்று 4 முறை. டிரெட்மில் அல்லது ஈ.சி.ஜி. முடிவு வரும் வரை இந்த வேகப் பயிற்சி மட்டும் வேண்டாம்.

உங்கள் பயிற்சிக் காலம் அப்படியே வடகிழக்குப் பருவமழைக் காலம். தெற்கே போகும்போது காற்று தள்ளிவிடும், கால் பறக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். தெம்பைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஓட்ட வேண்டாம். அடியில் குழி இருப்பது தெரியாது. காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றவும் வழி உண்டு. மழை நாளில் ஜிம் சைக்கிளில் ஒரு மணி நேரம் மிதித்தால் கணக்கில் சேரும்.

மழையும் கடற்காற்றின் உப்பும் செயினைத் தின்றுவிடும். நனைந்து வந்த அன்றே துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடையுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். தேய்மானம் பார்க்க 12 அங்குல இரும்பு அளவுகோலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 12இல் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு தள்ளிப் போனால் செயினை மாற்றுங்கள். 8இல் ஒரு பங்கு போனால் பின் கியர்ப் பற்களும் சேர்ந்து போயிருக்கும். தேய்ந்த பல்லில் அழுத்தி மிதிக்கும்போது செயின் நழுவும். முட்டி ஹேண்டிலில் இடிபடுவதும் கீழே விழுவதும் அப்போதுதான்.

பிரேக் கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறைந்துவிட்டால் புதிது போடுங்கள். கட்டை ரிம்மில் மட்டும் பிடிக்க வேண்டும், டயரில் உரசினால் நீண்ட பயணத்தில் டயரின் பக்கம் அறுந்துவிடும். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டக்கென்று சத்தம் வந்தால் பேரிங் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கு நடுவே ரிம் நடனமாடினால் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். முழு சர்வீஸைப் பத்தாவது வாரத்துக்கு முன்பே முடித்துவிட்டு அந்த 110 கி.மீ.யை ஓட்டுங்கள். புது கேபிள் தளரும், புது சீட் உறுத்தும். அதெல்லாம் அந்த ஞாயிறே தெரிந்துவிட வேண்டும். பயணத்தன்று எதுவும் புதிதாக இருக்கக் கூடாது.

பையில் 2 டியூப், 2 டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, செயின் இணைக்கும் ஒரு லிங்க். உங்கள் டியூபில் மெல்லிய வால்வு இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்றும். அது இல்லாமல் சாலையோரக் கடை பம்பு பொருந்தாது. டியூப் மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். குத்திய கம்பி அங்கேயே இருந்தால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

தண்ணீர்: ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை; இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மணிக்கு 500 முதல் 750 மி.லி. குடிக்க வேண்டிவரும். முழு நாளிலும் எடை 1.5 கிலோவுக்கு மேல் குறையக் கூடாது, கூடவும் கூடாது. வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தையசைட் சாப்பிடும் உங்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும். இனிப்பு பானம் அல்ல, ஒரு லிட்டரில் கரைக்கும் பொடிப் பொட்டலம். பி.பி. இருக்கிறதே, உப்பு ஆகுமா என்று தயங்க வேண்டாம். வியர்வையில் போனதைத்தான் திருப்பித் தருகிறீர்கள். மற்ற நாட்களில் உப்பைக் குறைப்பது தொடரட்டும். இளநீர் ஒன்று குடிக்கலாம். அதையே முக்கிய பானமாக்காதீர்கள்: அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும்.

முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். இட்லி, கடலை மிட்டாய், பேரீச்சை, எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்பதைப் பயிற்சியிலேயே பார்த்துவிடுங்கள்.

மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, படபடப்பு, கண் இருட்டுவது, வேகத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் இறங்கி உட்காருங்கள், 108ஐ அழையுங்கள். உடன் வருபவர் ஒருவரிடம் உங்கள் மாத்திரைகளின் பெயரை எழுதிக் கொடுத்து வையுங்கள். வாந்தி, தலைவலி, குழப்பமான பேச்சு இருந்தால் இன்னும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். சோடியம் இறங்கியிருக்கலாம், மருத்துவமனைதான் தேவை. முட்டி மரக்கானத்தில் நின்றுவிட்டால் உதவி வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். நீங்கள் திரட்டிய பணம் அதனால் குறையப் போவதில்லை. வந்து சேர்ந்த இரவு வலி அதிகமானால் பாரசிட்டமால் 650 மி.கி. போடலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் வராமலிருந்தாலோ, கடுங்காப்பி நிறத்தில் வந்தாலோ விடியும் வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.